நான்காவது வாரத்திலேயே பாதிப் பேரைக் காணோம்: என்பிடெல் மென்டாராக இருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

கரும்பலகை எழுதியது:

வணக்கம். வட மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர்க் கலை அறிவியல் கல்லூரியில் கணிதம் எடுக்கிறேன். இந்த ஜூலைப் பருவத்தில் இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. பிள்ளைகள் 46 பேரை என்பிடெல்லில் (ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் நடத்தும் இலவச இணையப் பாடங்கள்) 12 வாரப் புள்ளியியல் பாடம் ஒன்றில் சேர்த்துவிட்டு, அவர்களுக்கு நானே மென்டாராகவும், அதாவது வழிகாட்டியாகவும், இருக்கிறேன். யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்க்கவில்லை, ஆசைப்பட்டுத்தான் சேர்ந்தார்கள். முதல் வாரம் 41 பேர் அசைன்மென்ட் போட்டார்கள். அடுத்த வாரம் 35, மூன்றாம் வாரம் 21. இந்தப் புதன்கிழமை ராத்திரியோடு முடிந்த நான்காம் வார அசைன்மென்டை 13 பேர்தான் போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் தினமும் வீடியோ லிங்க் போடுகிறேன், கடைசி நாளை முதல் நாளே நினைவுபடுத்துகிறேன், "டவுட் இருந்தால் கேளுங்கள்" என்று ஒவ்வொரு தடவையும் எழுதுகிறேன். ஒருவரும் கேட்பதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கூகுள் மீட்டில் ஒரு மணி நேரம் அந்த வாரப் பாடத்தைத் தமிழில் திரும்ப நடத்தினேன். வந்தது ஐந்து பேர், அந்த ஐந்து பேரும் ஏற்கெனவே ஒழுங்காகப் போடுகிறவர்கள்.

இவர்களில் ஒரு பெண் வகுப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த மாணவி. போர்டில் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். மூன்றாம் வாரத்திலிருந்து அவள் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை. வராண்டாவில் நிறுத்திக் கேட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு "போட்டுடறேன் மேடம்" என்கிறாள். போடவில்லை.

எங்கள் துறைத் தலைவர் இன்டர்னல் மார்க்கோடு கட்டிவிடலாம், பயம் இருந்தால் தானாகப் போடுவார்கள் என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. இன்னும் பத்து நாளில் தேர்வுப் பதிவு முடிகிறது. இந்த நிலைமையில் எத்தனை பேர் தேர்வுக் கட்டணம் கட்டுவார்கள்? இணையப் பாடத்தில் பிள்ளைகளைக் கடைசி வரை கொண்டு போனவர்கள் யாராவது இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள்.

---

படிப்பு மையம் எழுதியது:

டீச்சர், உங்கள் பதிவைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்து, அவர்கள் எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளைத் திருத்தி 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இணையம் வருவதற்கு முன்பும் இதே கதைதான், தபாலில் பாடம் போகும், முதல் ஒப்படைப்பு வரும், இரண்டாவது பாதிப் பேரிடம் இருந்து வராது.

முதலில் ஒன்று கேட்கிறேன். 12 வாரப் பாடத்தில் மொத்த அசைன்மென்டில் சிறந்த எட்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா? விதிமுறைப் பக்கத்தில் இருக்கிறது, சேரும் நாளில் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நான் கேட்பது, இரண்டு வாரம் விட்டுவிட்டு "இனிமேல் போட்டு என்ன ஆகப் போகிறது" என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது இந்த நிமிஷம் தெரியுமா என்று. முதல் நான்கு வாரமும் பூஜ்யம் வாங்கியவர்கூட ஐந்தாம் வாரத்தில் இருந்து பன்னிரண்டு வரை எட்டையும் ஒழுங்காகப் போட்டால் அசைன்மென்டுக்கான 25 மார்க்கும் முழுசாகக் கிடைக்க வழி இருக்கிறது. சான்றிதழுக்கு அந்த 25ல் 10 இருந்தாலே போதும், தேர்வில் 75க்கு 30 வேண்டும். எட்டு அசைன்மென்டின் சராசரி 40 வந்தால் அந்த 10 வந்துவிடும். அதாவது ஒருத்தி மொத்தமே நான்கு அசைன்மென்ட் போட்டு ஒவ்வொன்றிலும் 80 எடுத்தால்கூடப் பாதை அடைபடாது. நீங்கள் கணித ஆசிரியர், இதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெண் தன் மனசுக்குள் போட்டு வைத்திருக்கும் கணக்கு வேறு. "ரெண்டு வாரம் போச்சு, எல்லாம் போச்சு" என்பது அவள் கணக்கு.

பிள்ளைகள் பாடம் கஷ்டம் என்பதால் விட்டுப் போவதைவிட, ஒரு வாரம் தவறியதும் வெட்கத்தில் விட்டுப் போவதுதான் அதிகம் என்பது என் அனுபவம். ஒருநாள் பள்ளிக்கு வராத குழந்தை மறுநாள் வர பயப்படுவது மாதிரிதான் இதுவும். பள்ளியில் என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து கூட்டிக்கொண்டு போகும். இணையத்தில் அப்படிக் கூப்பிட ஆள் கிடையாது. மென்டார் என்று ஒருவர் இருப்பதே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே குழுவில் எழுதுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு அந்த 33 பேருக்கும் தனித்தனியாகப் பேசுங்கள். நேரம் ஆகும், தெரியும். நான் செய்வது இதுதான்: பெயர் சொல்லி முக்கால் நிமிஷ வாய்ஸ் மெசேஜ். "ஏன் போடவில்லை" என்ற கேள்வியே அதில் இருக்காது. "கண்ணு, நீ முதல் ரெண்டு வாரமும் போட்டுட்ட, அது அப்படியே கணக்குல இருக்கு. மூணாவதும் நாலாவதும் போனா போகட்டும், அதனால மார்க் ஒண்ணும் குறையாது. அஞ்சாவது வாரத்தை மட்டும் பாரு. முதல் வீடியோவை நாளைக்குப் பாத்துட்டு எனக்கு ஒரு வார்த்தை அனுப்பு, பாத்துட்டேன்னு." இவ்வளவுதான். எழுதி அனுப்பினால் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது, குரலில் போனால் பதில் வருகிறது. இரண்டு நாளில் பதில் வராதவர்களுக்குப் போன். போன் எடுக்காதவர்களை வகுப்பிலேயே பார்த்துவிடலாம், உங்களுக்கு அந்த வசதி இருக்கிறது. எனக்கு அது இருந்ததில்லை.

இங்கிலாந்தில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971ல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது தொலைக்காட்சியிலும் வானொலியிலும் பாடம் ஒளிபரப்பானதைத்தான் ஊரே பேசியது. ஆனால் அங்கே படித்தவர்களைத் தாங்கிப் பிடித்தவர்கள் ஒவ்வொரு சின்னக் குழுவுக்கும் ஒருவர் என்று போட்டிருந்த டியூட்டர்கள்தான். மாணவர் எழுதி அனுப்பியதை வரிவரியாகப் படித்து, ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவார்கள். நானும் என் ஒப்படைப்புகளில் மார்க்குக்குக் கீழே இரண்டு வரியாவது எழுதாமல் அனுப்பியதில்லை. ஒரு அம்மா, ரேஷன் கடையில் வேலை பார்த்தவர், பட்டம் வாங்கிய பிறகு என்னைப் பார்க்க வந்தபோது அந்தத் தாள்களை எல்லாம் கோப்பில் போட்டு வைத்திருந்ததைக் காட்டினார். மார்க்கைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, "நீங்க எழுதினதைத் திரும்பத் திரும்பப் படிப்பேன் சார்" என்றார்.

தேர்வுப் பதிவுதான் இப்போது அவசரம். தோற்றுவிட்டோம் என்று நினைப்பவர்கள் பணம் கட்ட மாட்டார்கள், கட்டாவிட்டால் கதவு நிஜமாகவே மூடிவிடும். அந்தத் தேதிக்கு முன்னால் எல்லாரிடமும் பேசிவிடுங்கள்.

---

கடைசி பஸ் எழுதியது:

மேடம், நான் ஆசிரியர் இல்லை, மூன்றாம் ஆண்டு மாணவி. போன வருஷம் இதே மாதிரி ஒரு 12 வாரப் பாடத்தை நான்காவது வாரத்தில் விட்டுவிட்டு, அப்புறம் திரும்ப வந்து முடித்தேன். உங்கள் அந்த மாணவி பற்றி எழுதியிருந்ததைப் படித்ததும் என்னையே பார்த்த மாதிரி இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன். அம்மாவுடையது, ஆனால் தம்பி கையில்தான் இருக்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. ராத்திரி பத்தரைக்கு என் கைக்கு வரும்போது அதில் பாதிகூட இருக்காது. வீடியோ அரை மணி நேரம் ஓடும். ஐ.ஐ.டி. சார் நன்றாகத்தான் சொல்லிக் கொடுப்பார், ஆனால் எனக்கு அந்த ஆங்கிலம் காதில் விழுந்து புரிவதற்குள் அடுத்த வரி போய்விடும். நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். சரி, எப்படியோ பார்த்துவிட்டு அசைன்மென்டைத் திறந்தால் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவேன்.

எந்தக் கேள்வி என்று இப்போதும் நினைவிருக்கிறது. பையில் சிவப்புப் பந்து மூன்று, நீலப் பந்து ஐந்து, இரண்டு பந்து எடுக்கிறோம். இந்தக் கணக்கு எனக்குப் பதினோராம் வகுப்பிலேயே தெரியும். ஆனால் கேள்வியில் "வித்தவுட் ரீப்ளேஸ்மென்ட்" என்று இருந்தது. அப்படியென்றால் என்ன என்று தெரியவில்லை. எடுத்த பந்தைத் திரும்பப் பைக்குள் போடாமல் அடுத்ததை எடுக்கிறோம், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அந்த இரண்டு வார்த்தையில் நான் ஒரு வாரத்தை விட்டேன் மேடம். நாளைக்கு யாரிடமாவது கேட்கலாம் என்று மூடி வைத்தேன். புதன்கிழமை போய்விட்டது. அடுத்த வாரத்தைத் திறக்கவே கை வரவில்லை, முந்தின வாரம் அப்படியே கிடக்கிறதே என்று இருந்தது.

குழுவில் ஏன் கேட்கவில்லை என்றால், இத்தனை பேர் பார்க்கிற இடத்தில் இந்தச் சின்ன வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது என்று எப்படி எழுதுவது? "டவுட் இருக்கா" என்று கேட்டால் இல்லை என்றுதான் எல்லாரும் சொல்வோம். எங்கள் மென்டார் மேடம் பிறகு கேள்வியை மாற்றினார்கள். "வீடியோவை எந்த நிமிஷத்தில் நிறுத்தினீங்க, நம்பரை மட்டும் எனக்குத் தனியா அனுப்புங்க" என்றார்கள். நிமிஷத்தை அனுப்ப வெட்கமாக இல்லை. பார்த்தால் எங்களில் நிறையப் பேர் ஒரே இடத்தில்தான் நிறுத்தியிருந்தோம். அந்த மூன்று நிமிஷத்தை மட்டும் மேடம் தமிழில் பேசி ஆடியோவாக அனுப்பினார்கள். ஆடியோ என்பதால் நெட்டும் அதிகம் செலவாகவில்லை, காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே கேட்டுவிடுவேன்.

இன்னொன்றும் செய்தார்கள். ஒவ்வொரு வாரமும் வியாழக்கிழமையே அசைன்மென்டில் வரும் ஆங்கில வார்த்தைகளில் ஐந்தாறை எடுத்துத் தமிழில் அர்த்தம் எழுதி அனுப்பிவிடுவார்கள். விடை சொல்ல மாட்டார்கள், வார்த்தை மட்டும். அப்புறம் வீடியோவை 0.75 வேகத்தில் பார்க்கலாம் என்பதும், பேசியதெல்லாம் எழுத்து வடிவத்தில் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும் என்பதும் எனக்கு ஆறாவது வாரத்தில்தான் தெரியும். யாராவது முதல் நாளே கையில் போனை வாங்கிச் செய்து காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சில பாடங்களுக்குத் தமிழிலேயே அந்த எழுத்து வடிவம் இருக்கிறது, உங்கள் பாடத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள் மேடம்.

நான் 58 வாங்கினேன். இரண்டு மார்க்கில் எலைட் என்ற உயர்தரச் சான்றிதழ் போய்விட்டது, அது வருத்தம்தான். ஆனால் முடித்துவிட்டேன்.

---

ஊதா மை எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் கல்லூரியில் இன்டர்னலில் ஐந்து மார்க் இதற்கு வைத்தோம், சப்மிட் செய்பவர்கள் ஒரே வாரத்தில் கூடிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஆறு தாள், வேலை, வீடு என்று ஆயிரம் இருக்கிறது. மார்க் இல்லாத ஒன்றைத் தள்ளிப் போடத்தான் செய்வார்கள். அதில் அவர்கள் மேல் குற்றம் இல்லை. அன்பாகப் பேசுவதோடு ஒரு கட்டும் வேண்டும் என்பது என் கருத்து.

---

ஒலிவாங்கி எழுதியது:

ஊதா மை சார் சொல்வதில் ஒரு பாதியை ஒப்புக்கொள்கிறேன். மார்க் வைத்தால் சப்மிட் எண்ணிக்கை கூடும். ஆனால் அந்த அசைன்மென்ட் விடைகள் ஒவ்வொரு வாரமும் யூடியூபிலும் டெலிகிராமிலும் வந்துவிடுகின்றன, பிள்ளைகளுக்கு அது எங்கே கிடைக்கும் என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். வெறும் பயத்தில் போடுகிறவர் அங்கேதான் போவார். அசைன்மென்டில் 25க்கு 24 வாங்கிவிட்டுத் தேர்வு மையத்தில் கணினி முன்னால் உட்காரும்போது கை ஓடாது. அங்கே 75 மார்க் இருக்கிறது. இந்த ஏமாற்றத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு எந்த இணையப் பாடத்தின் பக்கமும் வருவதில்லை. மார்க் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சப்மிட்டுக்கு வேண்டாம், ஒரு தப்பு விடையை எடுத்து "நான் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தேன், எங்கே தவறினேன்" என்று அரைப் பக்கம் கைப்பட எழுதிக் கொடுப்பதற்குக் கொடுங்கள். அதை எங்கிருந்தும் காப்பி அடிக்க முடியாது.

நான் கல்வி வீடியோ தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்தில் இருந்து சில விஷயம் சொல்கிறேன்.

கரும்பலகை மேடம், முதலில் உங்களை நீங்களே நொந்துகொள்வதை விடுங்கள். 2011ல் ஸ்டான்ஃபோர்டில் இருந்து செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்றை இலவசமாக இணையத்தில் விட்டபோது சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். உலகம் முழுக்க இருந்து விரும்பிச் சேர்ந்தவர்கள் அவர்கள், அதில் வேலை பார்க்கும் பொறியாளர்கள் எத்தனையோ பேர். தனியாக உட்கார்ந்து படிப்பது என்பதே அவ்வளவு கஷ்டம். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அடுத்தது வீடியோ நீளம். எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசி 2014ல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பெரும்பாலும் ஆறு நிமிஷத்துக்கு மேல் ஆள் நிற்பதில்லை என்று அதில் தெரிந்தது. இதை வைத்துக்கொண்டு எங்கள் துறையில் எல்லா வீடியோவையும் ஆறு நிமிஷமாக நறுக்கு என்று கிளம்பிவிட்டார்கள். அந்த ஆய்வு ஆட்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதைத்தான் அளந்தது, எவ்வளவு கற்றார்கள் என்பதை அளக்கவில்லை. ஆனால் உங்களுக்கு ஒரு பயன் உண்டு. அரை மணி நேர வீடியோவின் லிங்கை அப்படியே போடாமல், "0 முதல் 7 நிமிஷம் வரை பாருங்கள், பார்த்துவிட்டு இந்த ஒரு கேள்விக்கு நோட்டில் விடை எழுதுங்கள், பிறகு 7ல் இருந்து 16 வரை" என்று வெட்டிக் கொடுங்கள். வீடியோவைத் தொடவே வேண்டாம், நிமிஷக் கணக்கு மட்டும் போதும். கடைசி பஸ் தங்கச்சி சொன்ன அந்த "எந்த நிமிஷத்தில் நிறுத்தினீர்கள்" என்ற கேள்வி எனக்குப் பெரிய பாடம். பல வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், எனக்குத் தோன்றியதே இல்லை.

சனிக்கிழமை மீட் பற்றி. மன்னிக்கவும், அதில் பாடத்தைத் திரும்ப நடத்துவதுதான் வீணாகிறது என்று நினைக்கிறேன். ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006ல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியை ஒரு குழு திரும்பப் படித்தது, இன்னொரு குழு மூடி வைத்துவிட்டு நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் நன்றாக முந்திவிட்டார்கள். நீங்கள் மீட்டில் மறுபடி நடத்தும்போது பிள்ளைகளுக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், புதன்கிழமைக்குள் போய்விடும்.

அதனால் ஒரு மணி நேரத்தை இருபத்தைந்து நிமிஷமாகக் குறையுங்கள். கேமரா வேண்டாம், கேட்கவே கேட்காதீர்கள், பின்னால் வீடு தெரியும் என்பதே பல பிள்ளைகளுக்குச் சங்கடம். ஒரு கணக்கைத் திரையில் காட்டி, மூன்று நிமிஷம் மௌனமாக இருங்கள். எல்லாரும் விடையைச் சாட்டில் டைப் செய்து வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் அனுப்பக் கூடாது. நீங்கள் "சரி, அனுப்புங்க" என்றதும் எல்லாம் ஒரே நேரத்தில் விழும். முதலில் பதில் சொல்கிற அந்த இரண்டு பேரைப் பார்த்து மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வது இதில் நடக்காது. தப்பு விடை ஏழெட்டு ஒன்றாக விழும்போது தான் மட்டும் தப்பு இல்லை என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். அதில் ஒரு தப்பை எடுத்து, யாருடையது என்று சொல்லாமல், "இப்படி யோசித்தவர்கள் எங்கே திரும்பினார்கள் என்று பார்ப்போம்" என்று தொடங்கினால் அன்றைய வகுப்பு தானாக நடக்கும்.

பாடத்தின் சார்பிலேயே ஆய்வு மாணவர்கள் வாராவாரம் கணக்குப் போட்டுக் காட்டும் நேரலை வகுப்பு நிறையப் பாடங்களுக்கு உண்டு. அது இருந்தால், முழுக் கணக்கையும் போட்டுக் காட்டும் வேலையை அங்கே விட்டுவிட்டு உங்கள் இருபத்தைந்து நிமிஷத்தைப் பிள்ளைகள் தப்பு செய்வதற்கே வைத்துக்கொள்ளலாம்.

---

கரும்பலகை எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்கவும், எழுதுவதற்குள் செய்து பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

33 பேருக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். ஒரு ராத்திரியில் முடியவில்லை, மூன்று ராத்திரி ஆனது. பத்தாவது மெசேஜுக்கு மேல் குரல் இயந்திரம் மாதிரி ஆகிவிட்டது, அதனால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்ந்தேன். 19 பேரிடம் இருந்து அன்றைக்கே பதில் வந்தது. அதில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "மேடம், நிஜமாவே இப்ப ஆரம்பிச்சாலும் பாஸ் பண்ணலாமா?" சிறந்த எட்டு என்பதை நான் முதல் நாள் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அன்றைக்கு அவர்களுக்கு அது தேவைப்படவில்லை, காதில் ஏறவில்லை. படிப்பு மையம் சார் சொன்னது அப்படியே உண்மை.

அந்த மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் போனின் திரை உடைந்துவிட்டதாம், அப்பா போனில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா லாரி ஓட்டுகிறார், வாரத்தில் நான்கு நாள் வெளியூர், போனும் அவரோடு போய்விடும். புதன்கிழமை அவர் வீட்டில் இருந்தால் அசைன்மென்ட் போட முடியும், இல்லை என்றால் இல்லை. இதை வராண்டாவில் பத்துப் பேர் நடக்கும் இடத்தில் அவளிடம் நின்று கேட்டிருக்கிறேன். அதை நினைத்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அவளை வைத்துத்தான் லேப் யோசனை வந்தது. முதலில் சாயங்காலம் நாலு மணிக்குத் திறந்து வைத்தேன், ஆள் வரவில்லை. நாலே முக்கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறரைக்கு என்று பிள்ளைகள் சொன்ன பிறகுதான் புரிந்தது. இப்போது செவ்வாய், புதன் இரண்டு நாளும் மதிய இடைவேளையில் கணினி லேப் எங்களுக்கு. டிபன் பாக்ஸை வெளியே பெஞ்சில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு உள்ளே வருகிறார்கள். ஹெட்போன் இல்லை, அதனால் இரண்டிரண்டு பேராக ஒரே திரையில் சத்தத்தைக் குறைத்துப் பார்க்கிறார்கள். இதில் நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. ஒருத்தி நிறுத்தி இன்னொருத்தியிடம் "இப்ப என்ன சொன்னாரு" என்று கேட்கிறாள், அவள் தமிழில் சொல்லத் தொடங்குகிறாள், சொல்லும்போதே அவளுக்குச் சந்தேகம் வந்து திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், வாயைத் திறப்பதில்லை.

வார்த்தைப் பட்டியலும் போடுகிறேன், கடைசி பஸ், அதற்கு உனக்குத் தனியாக நன்றி. "அட் லீஸ்ட்", "அட் மோஸ்ட்" இரண்டையும் சேர்த்து எழுதிய வாரம் நாலு பேர் எனக்குத் தனியாக அனுப்பினார்கள், இத்தனை நாளாக இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டிருந்தோம் என்று. "குறைந்தது மூன்று", "அதிகபட்சம் நான்கு" என்று வகுப்பில் தமிழில் சொன்னால் தப்பே செய்யாத பிள்ளைகள்.

மீட்டில் சாட் முறை நன்றாகப் போகிறது. போன சனிக்கிழமை 17 பேர். துறைத் தலைவரிடம் பேசினேன், அரைப் பக்க "எங்கே தவறினேன்" குறிப்புக்கு இன்டர்னலில் மூன்று மார்க் என்று ஒத்துக்கொண்டார். ஊதா மை சார், நீங்கள் சொன்ன கட்டும் கொஞ்சம் வந்துவிட்டது.

ஏழாம் வாரம் 28 பேர் போட்டிருக்கிறார்கள். தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் 24. நான்கு பேர் படிக்கிறோம், ஆனால் பணம் கட்ட வழியில்லை என்றார்கள். அதில் இரண்டு பேருக்கு எங்கள் துறை ஆசிரியர்கள் சேர்ந்து கட்டினோம், அவர்களும் அந்த 24ல் சேர்த்தி. மற்ற இருவரின் விஷயம் எனக்குத் தேதி முடிந்த மறுநாள்தான் தெரிந்தது. அடுத்த பருவத்தில் பணத்தைப் பற்றி இரண்டாம் வாரமே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுவிடப் போகிறேன்.

வாய்ஸ் மெசேஜுக்குப் பதில் அனுப்பாத ஐந்து பேர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேர் நேரில் கேட்டபோது வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள், அது அவர்கள் விருப்பம். இரண்டு பேர் கல்லூரிக்கே சரியாக வருவதில்லை.

---

படிப்பு மையம் எழுதியது:

டீச்சர், ரொம்பச் சந்தோஷம். பணம் கட்ட முடியாத அந்த இருவரையும் லேப்பில் இருந்து அனுப்பிவிடாதீர்கள். பாடமும் அசைன்மென்டும் இலவசம்தான், கடைசி வரை வரட்டும், ஜனவரிப் பருவத்தில் அதே பாடம் மறுபடி வந்தால் திரும்பச் சேர்ந்து தேர்வை எழுதிவிடலாம். கல்லூரிக்கே வராத அந்த இரண்டு பேருக்கு இணையப் பாடத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று தோன்றுகிறது. வீட்டு முகவரி அலுவலகத்தில் இருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரையாவது கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

---

கரும்பலகை எழுதியது:

சரி சார். ஒருவன் வீடு என் ஊருக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. இந்த ஞாயிறே போகிறேன்.